ரெண்டர் எந்த இடத்தில் காத்து நிற்கிறது?

மூன்று மணி நேரக் கல்யாண வீடியோவில், நொடிக்கு 25 ஃபிரேம் கணக்கில், 2,70,000 ஃபிரேம்கள் இருக்கின்றன. எடிட் செய்ததைக் கடைசி வீடியோக் கோப்பாக வெளியே எடுக்கும் வேலைதான் ரெண்டர். கணினி நொடிக்கு 15 ஃபிரேம் தள்ளினால் ரெண்டர் முடிய 5 மணி நேரம். 50 தள்ளினால் ஒன்றரை மணி நேரம். 200 தள்ளினால் இருபத்திரண்டரை நிமிடம். ஆவணியிலும் தையிலும் வாரத்துக்கு இரண்டு மூன்று கல்யாணம் எடுக்கும் ஸ்டுடியோவுக்கு இந்த வித்தியாசம்தான் ராத்திரித் தூக்கம்.

அதனால்தான் குமரி மாவட்டத்தில் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கணினிக் கடைக்குப் போகிற ஸ்டுடியோக்காரர்கள் எல்லோரும் ஒரே கேள்வியோடு போகிறார்கள்: “அண்ணே, ஐ7 போட்டா ரெண்டர் சீக்கிரம் முடியுமா, இல்ல நல்ல கிராஃபிக்ஸ் கார்டா போடணுமா?” கேமராவில் எந்த ஃபார்மட்டில் எடுக்கிறீர்கள், எடிட்டிங்கில் என்ன எஃபெக்ட் போடுகிறீர்கள், கடைசியில் எதுவாக வெளியே எடுக்கிறீர்கள் என்ற மூன்றும் தெரியாமல் யாரும் இதற்குப் பதில் சொல்ல முடியாது. தெரியாமலே சொல்கிறார்கள், அதுதான் சங்கடம். ஐம்பதாயிரம் ரூபாய் செலவு செய்த பிறகும் ரெண்டர் அதே வேகத்தில் ஓடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ரெண்டர் என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோமே தவிர, அதற்குள் நான்கு வேலைகள் வரிசையாக நடக்கின்றன. கேமரா கோப்பைப் படித்து அமுக்கத்தைப் பிரிக்க வேண்டும், அது டிகோடிங். பிறகு கலர், டைட்டில், நாய்ஸ் நீக்கம், அளவு மாற்றம். பிறகு மறுபடி அமுக்க வேண்டும், அது என்கோடிங். கடைசியாக டிஸ்க்கில் எழுத வேண்டும். நான்கில் எது மெதுவோ, மொத்த வேகமும் அதன் வேகம்தான். மற்ற மூன்றும் கைகட்டி நிற்கும். எது மற்றவற்றைக் காக்க வைக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால், என்ன வாங்குவது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் தானே பதில் வந்துவிடும். சில நேரம் எதுவும் வாங்க வேண்டாம் என்பதும் பதிலாக வரும்.

கண்டுபிடிக்கத் தனி மென்பொருள் வேண்டாம். ரெண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ் பக்கத்துக்குப் போய், சிபியு (பிராசசர்) வரைபடத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, ஒவ்வொரு த்ரெட்டையும் (பிராசசர் ஒரே நேரத்தில் ஓட்டும் வேலை இழைகளில் ஒவ்வொன்றையும்) தனிக் கட்டமாகக் காட்டச் சொல்லுங்கள். எல்லாக் கட்டங்களும் நிரம்பி நின்றால் பிராசசர் முழு வேலை செய்கிறது, அதுதான் எல்லை. ஒரே ஒரு கட்டம் மட்டும் உச்சியில் ஒட்டிக்கொண்டு மற்றவை பாதிக்குக் கீழே கிடந்தால், ஏதோ ஒரு ஃபில்டர் ஒற்றை த்ரெட்டில் ஓடி எல்லோரையும் காக்க வைக்கிறது. இந்த நிலையில் 6 கோரை (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) 12 கோராக மாற்றினால் கூடுதலாக ஆறு கோர் சும்மா இருக்கும், அவ்வளவுதான்.

அடுத்து ஜிபியு, அதாவது கிராஃபிக்ஸ் பக்கம். அங்கே ‘3டி’, ‘வீடியோ டிகோட்’, ‘வீடியோ என்கோட்’ என்று தனித்தனி வரைபடங்கள் இருக்கும். பலரும் மேலே தெரியும் மொத்த சதவீதத்தைப் பார்த்து “கார்டு வேலையே செய்யலையே” என்கிறார்கள். பார்க்க வேண்டியது கீழே உள்ள அந்தச் சிறிய கட்டங்களை. ‘வீடியோ என்கோட்’ 100-ஐத் தொட்டு நிற்கிறது என்றால் கார்டு தன்னால் முடிந்த வேகத்தில் ஓடுகிறது. அது 20-இல் தள்ளாடிக்கொண்டிருக்க, ‘வீடியோ டிகோட்’ பூஜ்யத்தில் கிடந்து, சிபியு மட்டும் நிரம்பியிருந்தால், கேமரா கோப்பைப் பிரிக்கிற வேலை முழுவதும் பிராசசர் தலையில் விழுந்திருக்கிறது. இந்த ஊரில் இப்போது அதிகம் நடப்பது இந்தக் கடைசி வகைதான்.

காரணம் கேமரா. இரண்டு மூன்று வருடங்களாகக் கல்யாண வேலைக்கு வாங்கப்படும் மிரர்லெஸ் கேமராக்களில், நிறத்தை அதிக நுணுக்கமாகப் பதிவு செய்யும் 10 பிட், 4:2:2 என்ற தேர்வு இருக்கிறது. கலர் கிரேடிங்குக்கு அது உண்மையிலேயே நல்லது; முகூர்த்தப் பட்டின் சிவப்பும் தங்க நகையும் ஒன்றுக்குள் ஒன்று வழியாமல் நிற்கும். ஆனால் அதைப் பிரிக்கும் வன்பொருள் எல்லாக் கார்டிலும் கிடையாது. என்விடியாவில் 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய எந்த ஜிஃபோர்ஸ் கார்டும் 4:2:2-ஐப் பிரிக்காது. ஆர்டிஎக்ஸ் 4090 போட்டிருந்தாலும் அந்தக் கோப்பு பிராசசருக்குத்தான் போகும். இன்டெல் டெஸ்க்டாப்பில் 11-ஆம் தலைமுறையிலிருந்து, பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ், எச்.265 என்ற அமுக்கும் முறையில் பதிவான 10 பிட் 4:2:2-ஐப் பிரித்துவிடும். 10-ஆம் தலைமுறை டெஸ்க்டாப்பில் அது இல்லை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அதே 10 பிட் 4:2:2, பழைய முறையான எச்.264-ஆகப் பதிவாகியிருந்தால் அந்த இன்டெல் கிராஃபிக்ஸாலும் பிரிக்க முடியாது. சோனி கேமராக்களில் எக்ஸ்ஏவிசி எஸ் என்பது எச்.264, எக்ஸ்ஏவிசி எச்எஸ் என்பது எச்.265. எச்.265 என்றால் கணினிக்குக் கஷ்டம் என்று கேள்விப்பட்டு எல்லோரும் எஸ்-ஐத் தேர்ந்தெடுக்கிறார்கள். 12-ஆம் தலைமுறை ஐ5 வைத்திருப்பவருக்கு நிலைமை நேர் தலைகீழ்: எச்எஸ் டைம்லைனில் வழுக்கிக்கொண்டு ஓடும், எஸ் திக்கும். கேமரா மெனுவில் ஒரு வரியை மாற்றினால் தீர்கிற பிரச்சினைக்குப் புதுக் கணினி வாங்கக் கூடாது.

இங்கேதான் ‘எஃப்’ என்ற ஒற்றை எழுத்து வருகிறது. ஐ5-12400, ஐ5-12400எஃப் இரண்டும் ஒரே 6 கோர், 12 த்ரெட். எஃப் உள்ளதில் உள் கிராஃபிக்ஸ் முடக்கப்பட்டிருக்கும், அதனால் கொஞ்சம் மலிவு. கேம் விளையாட வாங்குபவருக்கு அது சரி, எப்படியும் தனிக் கார்டு போடுவார். வீடியோ வேலைக்கு வாங்குபவர் எஃப்-ஐ எடுத்தால் குயிக் சிங்க் என்ற டிகோடிங், என்கோடிங் வசதி மொத்தமும் போய்விடும். மிச்சமாகும் தொகைக்கும் இழக்கும் வசதிக்கும் ஒப்பீடே இல்லை. கொட்டேஷன் வாங்கும்போது பிராசசர் பெயரின் கடைசி எழுத்தைப் படியுங்கள். தனிக் கார்டு போட்ட பிறகும் பயாஸில் உள் கிராஃபிக்ஸை எனேபிள் செய்து வைக்க வேண்டும். சில மதர்போர்டுகள் கார்டைக் கண்டதும் அதை அணைத்துவிடும்.

ஏஎம்டியில் ரைசன் 5 5600-க்கு உள் கிராஃபிக்ஸ் இல்லை, 5600ஜி-க்கு உண்டு. 7000 வரிசை டெஸ்க்டாப்பில் 7500எஃப் போன்றவை நீங்கலாக எல்லாவற்றிலும் சிறியதாக ஒன்று இருக்கிறது.

இனி கார்டின் என்கோடர். என்விடியா கார்டில் வீடியோவை அமுக்குவது கேம் ஓட்டும் ‘கூடா’ (CUDA) கோர்கள் அல்ல. சிப்பின் ஒரு மூலையில் என்வென்க் என்ற தனிச் சுற்று இருக்கிறது, அந்த வேலை அதனுடையது. இது புரிந்தால் நிறையப் பணம் மிஞ்சும். ஆர்டிஎக்ஸ் 4060-இலும் 4070-இலும் ஒரே தலைமுறை என்வென்க், ஒவ்வொன்றுதான். வெறும் என்கோடிங் வேகத்தில் இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இருக்காது. இரண்டு என்வென்க் வேண்டுமென்றால் 4070 டிஐ-க்குப் போக வேண்டும். விலை கூடிய கார்டு வேகம் தருவது கலர், ட்ரான்சிஷன், நாய்ஸ் நீக்கம் போன்ற எஃபெக்ட் வேலையில். டைம்லைன் முழுக்க எஃபெக்ட் போடுபவருக்கு அது தேவை. கட் பண்ணிப் பாட்டுப் போட்டு, லேசாக வெளிச்சம் ஏற்றிக் கொடுப்பவருக்குத் தேவையில்லை.

மலிவுக் கார்டுகளில் பொறி நிறைய. ஜிடி 1030-இல் என்வென்க் கிடையாது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி இரண்டிலும் என்கோடரே கிடையாது. லேப்டாப்புக்கு வடிவமைத்த சிப்பை டெஸ்க்டாப் கார்டாக்கி விற்றதன் விளைவு அது. முதலில் வந்த ஜிடிஎக்ஸ் 1650-இல் இருப்பது முந்தைய தலைமுறை என்வென்க், எச்.265 எடுக்கும்போது பி-ஃபிரேம் (முன்னும் பின்னும் உள்ள ஃபிரேம்களைப் பார்த்து அமுக்கும் ஃபிரேம்) பயன்படுத்தாது, அதனால் அதே பிட்ரேட்டில் (நொடிக்குச் செலவாகும் பிட் அளவில்) தரம் குறையும். 1650 சூப்பரிலும் 1660-இலும் அடுத்த தலைமுறையான டூரிங் என்வென்க் இருக்கிறது. பழைய கார்டு வாங்கும்போது பெயரில் உள்ள ‘சூப்பர்’ என்ற சொல்லுக்கு இவ்வளவு எடை. ஏவி1 என்ற புதிய அமுக்கும் முறையில் எடுக்க வேண்டுமென்றால் என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 40-இலிருந்து, ஏஎம்டியில் ஆர்எக்ஸ் 7000-இலிருந்து, இன்டெலில் ஆர்க் கார்டுகளில். ஆர்டிஎக்ஸ் 30 ஏவி1-ஐப் பார்க்கும், எழுதாது.

கார்டு சரியாக இருந்தும் வேகம் வராமல் போவதற்கு அமைப்பிலும் காரணம் இருக்கும். பிரீமியர் புரோவில் எக்ஸ்போர்ட் பக்கத்தில் விபிஆர் 2 பாஸ் (வீடியோவை இரண்டு முறை ஓட்டி அமுக்குவது) என்று வைத்தால் ஹார்டுவேர் என்கோடிங் எடுபடாது, சத்தமில்லாமல் சாஃப்ட்வேருக்கு மாறிவிடும். ‘2 பாஸ் தரம் அதிகம்’ என்று யாரோ எப்போதோ சொன்னதை வைத்து வருடக்கணக்கில் பிராசசரை வறுத்துக்கொண்டிருக்கும் ஸ்டுடியோக்கள் உண்டு. 1 பாஸ் வைத்து, பிட்ரேட்டைக் கொஞ்சம் ஏற்றினால் போதும்.

தரம் பற்றிய கேள்வி நியாயமானது. டூரிங்குக்குப் பிந்தைய என்வென்க், பென்டிரைவில் 10, 15 மெகாபிட்டில் கொடுக்கும் 1080 வீடியோவுக்குத் தாராளமாகப் போதும். டிவியில் ஓட்டிப் பார்த்தால் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பிட்ரேட்டைப் பாதிக்குக் கீழே இறக்க வேண்டிய இடத்தில்தான் வித்தியாசம் தெரியும். கோட்டார் சவேரியார் பேராலயத் திருவிழாவின் தேர்ப் பவனியோ, சுசீந்திரம் கோயில் திருவிழாவோ, ராத்திரி வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ ஏற்றி எடுத்த காட்சியைச் சிறு கோப்பாக அடக்கிப் பார்த்தால், ஹார்டுவேர் என்கோடர் கூட்டத்தின் முகங்களைப் பிசைந்துவிடும். அப்படிப்பட்டதற்கும், நிரந்தரமாகச் சேமிக்க வேண்டியதற்கும் எக்ஸ்264, எக்ஸ்265 போன்ற சாஃப்ட்வேர் என்கோடர்கள்தான் சரி. ஒரு விஷயம்: அந்த ராத்திரிக் காட்சியில் உள்ள புள்ளிப் புள்ளியான நாய்ஸே என்கோடரின் வேகத்தையும் குறைக்கும். ஒவ்வொரு ஃபிரேமிலும் புதிதாக மாறும் புள்ளிகளுக்கு முந்தைய ஃபிரேமில் ஜோடி தேடித் தேடி அது களைத்துப்போகும். பகலில் எடுத்த அதே நீளக் காட்சி அதே கணினியில் சீக்கிரம் முடியும்.

சாஃப்ட்வேர் என்கோடிங் என்று வந்தால் பிராசசர்தான் எல்லாம். இங்கே முதலில் பார்க்க வேண்டியது ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதி. எக்ஸ்264-உம் எக்ஸ்265-உம் அதை நம்பித்தான் வேகமாக ஓடுகின்றன. இன்டெலில் அது 2013-இல் வந்த 4-ஆம் தலைமுறையில் தொடங்கியது. பழைய அலுவலகக் கணினிகளைப் புதுப்பித்து விற்கும் இடங்களில் 2-ஆம், 3-ஆம் தலைமுறை ஐ7 மலிவாகக் கிடைக்கிறது. ஐ7 என்ற பெயரைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள், அதில் ஏவிஎக்ஸ்2 இல்லை. ரைசனில் முதல் தலைமுறையும் 2000 வரிசையும் 256 பிட் கட்டளையை இரண்டாக உடைத்துச் செய்யும். 2019-இல் வந்த 3000 வரிசையிலிருந்துதான் ஒரே மூச்சில் செய்கிறது. 2600-உம் 3600-உம் 6 கோர், 12 த்ரெட்தான். பழையதில் வாங்குவதாக இருந்தால் 3600-க்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

கோர் எண்ணிக்கை கூடக் கூட வேகம் கூடும் என்பது ஓரளவுக்குத்தான் உண்மை. எக்ஸ்265 படத்தை 64 பிக்சல் உயரமுள்ள வரிகளாக வெட்டி, ஒவ்வொரு வரியையும் ஒரு த்ரெட்டுக்குக் கொடுக்கிறது. கீழ் வரி, தனக்கு மேலுள்ள வரி இரண்டு கட்டம் முன்னால் போன பிறகே நகர முடியும். ஏணிப்படியில் வரிசையாக இறங்குவது போலத்தான். 1080 உயரத்தை 64-ஆல் வகுத்தால் 17 வரி. 4கே-யில் 2160, அதாவது 34 வரி. பழைய ‘மினி டிவி’ (MiniDV) கேமரா கேசட்டின் 576-இல் 9 வரிதான். ஆக, 16 கோர் பிராசசரில் ஒரு பழைய கேசட் வீடியோவை மட்டும் ஓட்டினால் பாதிக் கோர் தூங்கும். அதற்குத் தீர்வு இரண்டு மூன்று வீடியோவை ஒரே நேரத்தில் ஓட்டுவது; ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ஒரே சமயத்தில் எத்தனை வேலை என்று அமைக்கலாம். 4கே-யைத் தனியாக ஓட்டுங்கள்.

12-ஆம் தலைமுறையிலிருந்து இன்டெல்லில் பெரிய கோர், சிறிய கோர் என்று இரண்டு வகை கலந்திருக்கும் மாடல்களில் இன்னொரு விசித்திரம் உண்டு. ஹேண்ட்பிரேக்கை மினிமைஸ் செய்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனால், விண்டோஸ் அதை முக்கியமில்லாத வேலை என்று நினைத்துச் சிறிய கோர்களுக்குத் தள்ளிவிடும். திரையில் திறந்திருக்கும்போது ஓடிய வேகம் சட்டென்று விழும். ஹேண்ட்பிரேக்கின் அட்வான்ஸ்டு அமைப்பில் பிராசஸ் பிரையாரிட்டியை ‘அபவ் நார்மல்’ ஆக்கிவிட்டால் சரியாகும். 12400-இல் எல்லாமே பெரிய கோர் என்பதால் இந்தத் தொல்லை இல்லை.

எந்தப் பாகமும் வாங்குவதற்கு முன், என்கோடரின் வேகத்தைத் தீர்மானிக்கும் ப்ரீசெட்டைத் தொட்டுப் பாருங்கள். எக்ஸ்264-இல் ‘வெரி ஸ்லோ’ வைத்திருப்பவர் ‘மீடியம்’-க்கு வந்தால், பிராசசரை இரண்டு தலைமுறை மாற்றினால் கிடைக்காத வேகம் கிடைக்கும். கோப்பு கொஞ்சம் பெருக்கும், கண்ணுக்கு எதுவும் தெரியாது.

வெப்பத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். நம் மாவட்டத்தில் வாங்கும் கணினிக்கும் கடலுக்குத் தள்ளியிருக்கும் ஊர்களில் வாங்கும் கணினிக்கும் வித்தியாசம் இங்கேதான். பிராசசர் பெட்டியில் எழுதியிருக்கும் வேகம் முதல் அரை நிமிடம், ஒரு நிமிடத்துக்குரியது. ஐ5-12400-க்கு இன்டெல் சொல்லும் அடிப்படை மின்சாரம் 65 வாட், உச்சம் 117 வாட். ஐ7-12700-க்கு அதே 65, உச்சம் 180. ரெண்டர் தொடங்கியதும் உச்சத்துக்குப் போய், பிறகு மதர்போர்டு அனுமதிக்கும் அளவுக்கு இறங்கும். மலிவான எச்610 போர்டில், டப்பாவோடு வந்த கூலரோடு ஐ7 போட்டால், நீண்ட ரெண்டரில் அது ஐ5-க்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடும். ஐ5-உம் நல்ல கூலரும் வாங்கி, மிச்சத்துக்கு எஸ்எஸ்டி போட்டிருக்கலாம்.

லேப்டாப்பில் இது இன்னும் கொடுமை. பெயரில் ‘யு’ உள்ள பிராசசர்களுக்குப் பொதுவாக 15 வாட்தான், ‘எச்’ உள்ளவற்றுக்கு 45. காதைக் கொடுத்தாலே தெரியும்: ஃபேன் உச்சத்தில் இரைந்துகொண்டிருக்கும், ரெண்டர் திரையில் ஃபிரேம் எண்ணிக்கை மட்டும் 60, 48, 35 என்று இறங்கிக்கொண்டே வரும். எச்டபிள்யுஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ‘தெர்மல் த்ராட்லிங்’ என்ற வரி ‘யெஸ்’ என்று சிவந்தால் சந்தேகமே வேண்டாம்.

குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி, கன்னியாகுமரி போன்ற கடலோர ஊர்களில் காற்றில் வரும் உப்பு ஹீட்சிங்கின் மெல்லிய தகடுகளில் படியும். உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் தூசியைப் பிடிக்கும். ஆறு மாதத்தில் தகடுகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு படலம், விரலால் தேய்த்தால் பிசுபிசுவென்று ஒட்டும். மதுரையிலோ கோவையிலோ சேரும் உலர்ந்த தூசி ஊதினால் பறந்துவிடும், இது பறக்காது. உலர்ந்த பிரஷ்ஷால் கிளப்பிவிட்டுத்தான் புளோயர் வைக்க வேண்டும். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்; சும்மா விட்டால் தறிகெட்டுச் சுற்றி பேரிங் போகும். கணினியைக் கடல் பார்த்த ஜன்னலுக்குக் கீழே வைக்காதீர்கள். இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டம் இது, காற்றில் ஈரம் இல்லாத மாதமே குறைவு. உள்ளே ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கொண்டு துடைத்துத் தெர்மல் பேஸ்ட் மாற்றுவதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வைத்துக்கொண்டால், அந்தச் செலவில் திரும்பக் கிடைக்கும் வேகம் வேறு எதிலும் கிடைக்காது.

ரேம் விஷயம் எளிது. 4கே 10 பிட் ஃபிரேம் ஒன்று நினைவகத்தில் விரிந்தால் 3840 × 2160 × 1.5 × 2 பைட், கிட்டத்தட்ட 25 எம்பி. என்கோடர் 40 ஃபிரேம் முன்கூட்டிப் பார்த்தால் அதற்கே 1 ஜிபி. எடிட்டிங் மென்பொருளும் சேர்ந்தால் 16 ஜிபி குறைந்தபட்சம், 4கே மல்டிகேமுக்கு 32. அதற்கு மேல் ரேம் ஏற்றினால் ரெண்டர் வேகம் கூடாது. ஆனால் 16 ஜிபி-யை ஒரே கம்பியாகப் போடாமல் 8-ஆக இரண்டு போடுங்கள், இரண்டு சேனலும் ஓடட்டும். உள் கிராஃபிக்ஸை நம்பியிருப்பவருக்கு இது முக்கியம், அதற்கு இருப்பது இந்த ரேம்தான்.

டிஸ்க்கைப் பற்றிய பயம் தேவைக்கு மேல் இருக்கிறது. 100 மெகாபிட் கேமரா கோப்பு என்றால் நொடிக்கு 12.5 எம்பி, மணிக்கு 45 ஜிபி. நான்கு மடங்கு வேகத்தில் ரெண்டர் ஓடினாலும் நொடிக்கு 50 எம்பிதான் படிக்கிறது. சாதாரண ஹார்ட் டிஸ்க்கே அதைத் தரும். மூன்று கேமரா கோப்புகளும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இருந்து, வெளியீடும் அதிலேயே எழுதப்பட்டால்தான் தலை அங்குமிங்கும் அலைந்து வேகம் கெடும். படிப்பது ஒன்றிலும் எழுதுவது இன்னொன்றிலுமாகப் பிரித்தால் போதும். மலிவான க்யூஎல்சி வகை எஸ்எஸ்டி-யில் கல்யாணக் கார்டுகளை மொத்தமாகக் காப்பி செய்யும்போது, பாதி வழியில் அதன் கேஷ் (வேகமாக எழுதும் தற்காலிக இடம்) நிரம்பி வேகம் ஹார்ட் டிஸ்க் அளவுக்கோ அதற்கும் கீழோ விழும். அது பழுது இல்லை, அதன் இயல்பு.

பென்டிரைவுக்கு நேராக எக்ஸ்போர்ட் செய்யவே கூடாது. நொடிக்கு 10 எம்பி எழுதும் பென்டிரைவில் 13.5 ஜிபி எழுத 22 நிமிடம் எப்படியும் ஆகும், அதுவரை முழுக் கணினியும் அதற்காகக் காத்து நிற்கும். இன்னொன்று, பழைய டிவி-க்காக எஃப்ஏடி32-வில் ஃபார்மட் செய்த பென்டிரைவ் 4 ஜிபி-க்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. 10 மெகாபிட் வீடியோ நிமிடத்துக்கு 75 எம்பி; 57-ஆவது நிமிடத்தில் அந்த எல்லை வந்துவிடும். எஸ்எஸ்டி-யில் 50 நிமிடத் துண்டுகளாக எடுத்துப் பிறகு காப்பி செய்யுங்கள்.

துண்டாக எடுப்பதற்கு நம் ஊரில் இன்னொரு காரணமும் இருக்கிறது: கரண்ட். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் சுற்றிக்கொண்டே இருந்தாலும், மழைக் காற்றில் ஒரு மரக்கிளை கம்பியில் விழுந்தால் வீட்டில் விளக்கு அணையும். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலுக்குப் பிறகு நாள்கணக்கில் இருட்டில் இருந்த மாவட்டத்துக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. எம்பி4 கோப்பின் அட்டவணை வழக்கமாக எல்லா ஃபிரேமும் முடிந்த பிறகு கடைசியில்தான் எழுதப்படும். 99 சதவீதத்தில் கரண்ட் போனால் டிஸ்க்கில் 13 ஜிபி கோப்பு கிடக்கும், ஒரு நொடி கூட ஓடாது. எம்கேவி-யில் எழுதினால் நின்ற இடம் வரை ஓடும். பிறகு மறு என்கோடிங் இல்லாமல் எம்பி4-ஆக மாற்றிக்கொள்ளலாம். 600 விஏ யுபிஎஸ் என்று வாங்குவது பெரும்பாலும் 360 வாட் தாங்கும், முழு ரெண்டரில் சில நிமிடம் நிற்கும். அது ஒழுங்காக ஷட்டவுன் செய்வதற்கான நேரம், அவ்வளவே. இன்வெர்ட்டரில் ஓட்டுவதாக இருந்தால் சைன் வேவ் வகையாக இருக்கட்டும். ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள நல்ல பவர் சப்ளைகள் ஸ்கொயர் வேவில் தடுமாறி அணைந்துவிடும்.

ஆலயத் திருப்பலி, அடக்க ஆராதனை என்று வளைகுடாவில் இருக்கும் சொந்தங்களுக்காக நேரலை ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. நேரலையில் ரெண்டர் தாமதமானால் காத்திருக்க முடியாது, ஃபிரேம் உதிரும். ஓபிஎஸ் என்ற நேரலை மென்பொருளில் பிராசசர் என்கோடருக்குப் பதில் என்வென்க்கோ குயிக் சிங்க்கோ வையுங்கள், கீஃபிரேம் (முழுப் படமாக எழுதப்படும் ஃபிரேம்) இடைவெளி 2 நொடி. லேப்டாப் சார்ஜரில் இருக்கட்டும். பேட்டரியில் ஓடும்போது பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஆடியோவுக்கு இத்தனை கவலை வேண்டாம், ஆனால் எங்கே தவறு நடக்கிறது என்பது வேறு மாதிரி. பழைய வில்லுப்பாட்டு கேசட்டுகளையும் கீர்த்தனைக் கேசட்டுகளையும் கணினிக்கு மாற்றும் வேலை இங்கே பல வீடுகளில் நடக்கிறது. 90 நிமிடக் கேசட் என்றால் பதிவு செய்ய 90 நிமிடம் ஆகியே தீரும், எந்தக் கணினியும் அதைக் குறைக்க முடியாது. 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோவில் நொடிக்கு 1,76,400 பைட். முழுக் கேசட்டுக்கு சுமார் 950 எம்பி. பத்து வருடப் பழைய கணினிக்கும் இது தூசு. ஆனால் பதிவாகும் அதே நேரத்தில் பின்னால் வீடியோ ரெண்டர் போட்டுவிட்டால் இடையிடையே ‘டிக்’ என்று ஒரு வெட்டு விழும். வில்லின் மணியோசைக்கு நடுவே விழுந்தால் அப்போது கவனிக்கவே மாட்டீர்கள், எல்லாம் முடிந்து கேட்கும்போதுதான் தெரியும். பதிவு மென்பொருளில் பஃபரை 1024 சாம்பிளுக்கு ஏற்றுங்கள், யுஎஸ்பி பவர் சேவிங்கை அணையுங்கள், ரெண்டரை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எம்பி3-ஆக மாற்றும் வேலையில் கிராஃபிக்ஸ் கார்டுக்கு இடமே இல்லை. லேம் என்கோடர் ஒரு கோப்புக்கு ஒரு கோரைத்தான் பயன்படுத்தும்; அங்கே வேகம் தருவது ஒற்றைக் கோரின் வேகம். நூறு பாட்டு இருந்தால் எட்டு எட்டாக ஒரே நேரத்தில் மாற்றும் மென்பொருளைப் பயன்படுத்துங்கள், ஃபூபார்2000 இதைத் தானாகவே செய்யும். தரம் குறையாமல் அமுக்கும் ஃபிளாக்கில் மட்டும் 2025-இல் வந்த 1.5 பதிப்பிலிருந்து ஒரே கோப்பைப் பல கோர்களில் பிரித்து அமுக்க முடிகிறது. இரைச்சல் நீக்குவதற்குத்தான் உண்மையில் நேரம் பிடிக்கும், அமுக்குவதற்கு அல்ல.

கடைக்குப் போகும்போது உங்கள் கேமராவில் எடுத்த 5 நிமிடக் கிளிப் ஒன்றையும், வழக்கமாகப் போடும் எக்ஸ்போர்ட் அமைப்பையும் பென்டிரைவில் கொண்டுபோங்கள். முதலில் கிளிப்பைக் கணினிக்குக் காப்பி செய்துவிட்டு, அதே ரெண்டரை இடைவெளி விடாமல் மூன்று முறை ஓட்டச் சொல்லுங்கள். ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து வையுங்கள். ஒவ்வொரு முறையும் எத்தனை நொடி என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது முறை முதல் முறையைவிடத் தெளிவாக அதிக நேரம் எடுத்தால் கூலரை மாற்றித் தரச் சொல்லுங்கள், அல்லது வேறு மாடலைக் காட்டச் சொல்லுங்கள். ‘வீடியோ டிகோட்’ பூஜ்யத்திலேயே கிடந்தால் பிராசசர் பெயரின் கடைசி எழுத்தை இன்னொரு முறை பாருங்கள்.